ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் என்ன செய்ய முடியும்?

தெற்குவாசல் | செவ்வாய், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பா மகன், வயது 46. போன வெள்ளிக்கிழமை இரவு கடையை அடைத்துவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போது அடிபட்டுவிட்டார். தலைக்குள் ரத்தக்கட்டு, அன்றிரவே ஆபரேஷன். இன்று ஐந்தாம் நாள், வென்டிலேட்டரில் இருக்கிறார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து அண்ணனைவிட மதினியின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வருகிற ஒவ்வொருவரும் "எப்படிம்மா ஆச்சு? டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறார்கள். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் அதே கதையை அவர் பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பார். ஐசியூவுக்குள் பத்து நிமிஷம் போய்விட்டு வெளியே வந்தவர், வாசலில் கிடந்த யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு மருந்துச் சீட்டோடு பார்மசிக்கு நடந்தார். இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு. அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன், பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் கொடுப்பேன். அதற்கு மேல் என்ன செய்வது? இப்படி வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

வயர்க்கூடை | செவ்வாய், இரவு 11:25

தம்பி, நான் திருச்சியில் 23 நாள் அப்படி உட்கார்ந்திருந்தவள். 2019-ல், என் கணவருக்காக.

முதலில் மதினியின் போனை அவர் கையிலிருந்து வாங்குங்கள். யார் கேட்டாலும் பதில் சொல்ல ஒரே ஆள், அது நீங்களாக இருங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, தினமும் சாயங்காலம் ஒரு தடவை நான்கு வரி போடுங்கள். "இனி மதினிக்குப் போன் செய்ய வேண்டாம், என்னிடம் கேளுங்கள்" என்று அதிலேயே எழுதுங்கள். இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அடுத்தது, அந்த நாற்காலியை விட்டு அவரால் ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். "இன்னாருடைய அட்டெண்டர்" என்று மைக்கில் எந்த நேரமும் கூப்பிடுவார்கள். நாம் பாத்ரூமில் இருக்கும்போது கூப்பிட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து, என்ன வேண்டும் ஏது வேண்டும் என்று எதுவும் கேட்காமல், "நீ போய்க் குளிச்சிட்டு வா. பேரைக் கூப்பிட்டா நான் ஓடுறேன், அடுத்த நிமிஷம் உனக்குப் போன் பண்றேன்" என்று சொல்லி என் இடத்தில் உட்கார்ந்தார். ஆறு நாள் கழித்து அன்றுதான் தலைக்குக் குளித்தேன். அன்று அழுததுபோல் நான் வேறு எந்த நாளும் அழுததில்லை.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, எதைக் கேட்பது என்றே தெரியாது. நீங்களாகக் கொண்டு போங்கள். நீள வயர் உள்ள சார்ஜர், ஒரு போர்வை, ஏசி குளிருக்குக் காதை மூட ஒரு துண்டு, பிரஷ், பேஸ்ட், மாற்றுத் துணி, மாதவிலக்கு நாப்கின். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, யார் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மதினிக்கு சர்க்கரை, பிபி மாத்திரை ஏதாவது உண்டா? நான் பிபி மாத்திரையை ஒரு வாரம் மறந்து அங்கேயே மயங்கி விழுந்தேன்.

அப்புறம், ஒரு நல்ல ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

நைட்ட்யூட்டி | புதன், காலை 8:10

ஐசியூவில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இப்போதுதான் ட்யூட்டி முடிந்து வந்தேன், தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

உள்ளே முதல் தடவை போகிறவரிடம், அங்கே என்ன பார்ப்பார் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தலை மழித்திருக்கும், கட்டு இருக்கும். முகமும் கண் இமைகளும் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் இருக்கலாம். வாய்க்குள் குழாய், மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் மருந்து ஏறும் ஊசி. கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கலாம். இதைப் பார்த்துத்தான் பலர் உடைந்துபோகிறார்கள். அரை மயக்கத்தில் நோயாளி குழாயைப் பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் கட்டுகிறோம். ஏன் கட்டியிருக்கிறது, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மானிட்டர் கத்தும். ஒவ்வொரு சத்தமும் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. விரலில் மாட்டிய கிளிப் கழன்றாலும் கத்தும், மருந்து முடிந்தாலும் கத்தும். நர்ஸ் ஓடவில்லை என்றால் நீங்களும் பயப்பட வேண்டாம்.

பேசுங்கள். கண் திறக்காவிட்டாலும் காதில் விழலாம் என்று எண்ணித்தான் நாங்களும் பேசுகிறோம். "அண்ணா, ஊசி போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவேன். வீட்டுக்காரர்கள் வந்தால் பெரும்பாலும் "என்னைத் தெரியுதா?" என்று உரக்கக் கேட்கிறார்கள். அதைவிட, பையன் பரீட்சை எழுதியது, கடையை இன்று யார் திறந்தார்கள் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். தலைக்காயத்தில் மூளை வீக்கம் இருக்கும் முதல் நாள்களில் அதிகம் தொட்டு எழுப்ப வேண்டாம் என்போம், அதனால் தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கையைக் கழுவிவிட்டு உள்ளங்கையைப் பிடித்துக்கொள்ள பெரும்பாலும் யாரும் தடை சொல்லமாட்டோம்.

மயக்க மருந்தைக் குறைத்ததும் சிலர் இல்லாததைப் பார்ப்பார்கள், நம்மைத் திட்டுவார்கள், "என்னைக் கொல்லப் பார்க்கிறாங்க" என்பார்கள். டெலிரியம் என்று பெயர். பைத்தியம் இல்லை, பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டு ஆளின் குரலும், அவருடைய கண்ணாடியும், காது மெஷினும், இன்று என்ன கிழமை என்று சொல்வதும் பெரிய உதவி.

பார்வை நேரம் இன்னும் வேண்டும் என்று நானே எங்கள் மேடத்திடம் கேட்டிருக்கிறேன். தொற்று வந்துவிடும் என்பார்கள். பிரேசிலில் 36 ஐசியூக்களில் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தினரை ஒரு நாளில் 12 மணி நேரம் வரை இருக்கவிட்டார்கள். தொற்று கூடவில்லை. டெலிரியம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது பெரிதாகக் குறையவில்லை. ஆனால் வீட்டுக்காரர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு அதுவே போதுமான காரணம்.

கணக்குவழக்கு | புதன், காலை 9:30

பணத்தைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பணம் கட்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம், அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். பில்லில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எல்லாச் சிகிச்சைக்கும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, காப்பீட்டு கவுன்டரில் நேராகப் போய்க் கேட்க வேண்டும்.

இடைக்கால பில்லைத் தினமும் வாங்குங்கள். எஃப்ஐஆர் நகல், ஒரிஜினல் பில்கள், ஸ்கேன் பிலிம் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், பின்னால் விபத்து இழப்பீட்டு வழக்குக்குத் தேவைப்படும். மருத்துவக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க அது உதவும். இந்தப் பையோடு அலையும் வேலை மதினியுடையது இல்லை, உங்களுடையது.

ஐசியூ டாக்டர் 2009 | புதன், மதியம் 2:15

என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் நான் வராந்தாவில் நின்றுகொண்டே பேசுவேன். "கிரிட்டிக்கல்தான், 48 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

பிரான்சில் 22 ஐசியூக்களில், இறந்துபோகும் நிலையில் இருந்த 126 பேரின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் வெளியானது. பாதிக் குடும்பங்களுக்கு வழக்கமான பேச்சு. மீதிப் பாதிக்கு உட்கார்ந்து, முன்கூட்டித் திட்டமிட்ட பேச்சு, கூடவே துக்கத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகம். நேர வித்தியாசம் அதிகம் இல்லை, 20 நிமிஷம் 30 நிமிஷமாயிற்று. ஆனால் அதில் குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிஷத்திலிருந்து 14 நிமிஷமாயிற்று. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, அந்த நாள்களின் அதிர்ச்சி மனதை விட்டுப் போகாத அறிகுறிகள் வழக்கமான பேச்சுக் குடும்பங்களில் 69 சதவீதம் பேருக்கு இருந்தன. மற்றவர்களில் 45 சதவீதம்.

அதைப் படித்த பிறகு நான் நாற்காலி இல்லாமல் பேசுவதில்லை. முதல் கேள்வியையும் நானே கேட்பேன்: "உங்களுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்காங்க? அவர் எப்படிப்பட்ட மனுஷன்?"

நீங்கள் டாக்டரிடம் "தினமும் ஒரே நேரத்தில், உட்கார்ந்து பத்து நிமிஷம் பேச முடியுமா" என்று கேளுங்கள். போகும் முன் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறாரா, மோசமா? அடுத்த இரண்டு நாளில் எதை எதிர்பார்க்கிறீர்கள்? எது நடந்தால் நீங்கள் கவலைப்படுவீர்கள்? பிழைத்தால் எப்படி இருப்பார்? கடைசிக் கேள்விக்கு யாரும் உறுதியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கேளுங்கள்.

தெற்குவாசல் | புதன், இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. குழுவை ஆரம்பித்துவிட்டேன். ஒரு சிக்கல். இன்று டாக்டர் பெரியப்பாவையும் என் மாமாவையும் கூப்பிட்டு, பிழைத்தாலும் ஒரு பக்கம் கை கால் வராமல் போகலாம், பேச்சும் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறார். "இதைப் பொம்பளைப் பிள்ளைகிட்ட சொல்லாதே, தாங்காது" என்கிறார் பெரியப்பா. மதினி எனக்குப் போன் செய்து "தம்பி, என்கிட்ட என்னமோ மறைக்கிறாங்க" என்று அழுகிறார். நான் என்ன சொல்லட்டும்?

பொன்னமராவதி | புதன், இரவு 10:30

உங்கள் பெரியப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. எனக்கு 68 வயது. என் தம்பி சீரியஸாக இருந்தபோது எங்கள் அம்மாவிடம் நான்தான் மறைத்தேன். அம்மாவுக்கு இதயக் கோளாறு. ஒரே நாளில் இரண்டு பேரை இழக்க எனக்குத் தெம்பில்லை. குடும்பத்தில் யாராவது ஒருவர் பாரத்தைத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர் அதைத்தான் செய்கிறார். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

வயர்க்கூடை | புதன், இரவு 11:55

ஐயா, உங்களை நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருடம் எங்கேயும் எழுதாதது.

22-ம் நாள் ராத்திரி என் கொழுந்தனாரையும் என் அண்ணனையும் டாக்டர் கூப்பிட்டார். இனி பலன் இல்லை, வீட்டுக்குக் கொண்டு போவதென்றால் கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டது அவர்கள். என்னிடம் வந்து, "நாளைக்குக் காலையில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்மா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, கட்டிலுக்கு நல்ல விரிப்பாகப் போட்டு வைக்கா, வெந்நீர் போட்டு வைக்கா, அவருக்குக் கஞ்சி வடிச்சு வைக்கா என்று சொன்னேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னேன். ஆம்புலன்ஸில் ஒரு பையன் கையால் பலூனை அமுக்கிக்கொண்டே வந்தான். அதை ஏன் விடாமல் அமுக்குகிறான் என்று அப்போதுதான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ஷாமியானா கட்டுகிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தெருவுக்கே தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தால் கடைசி ராத்திரி அவர் காதில் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. 19 வருடம் குடும்பம் நடத்தினோம். என் அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருப்பவர், அந்தப் பாசத்தில்தான் மறைத்தார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை.

தம்பி, உங்கள் மதினிக்குச் சொல்லுங்கள்.

பொன்னமராவதி | வியாழன், காலை 6:05

அம்மா, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. உங்களுக்கு நடந்திருக்கக் கூடாது. என் அம்மா விஷயத்தில் நான் செய்தது சரியென்றுதான் இன்னும் நினைக்கிறேன், ஆனால் மனைவி விஷயம் வேறு. சொல்வதென்றால் டாக்டர் வாயால் சொல்லட்டும். சொந்தக்காரர் அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், வெளியே நிற்க வைக்காதீர்கள்.

ஐசியூ டாக்டர் 2009 | வியாழன், மதியம் 1:40

ஐயா சொன்னதுதான் சரியான வழி. "கெட்ட செய்தியா இருந்தாலும் முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல பெரியவங்ககிட்ட சொன்னா போதுமா?" என்று முதலில் அவரிடமே கேட்கலாம். அநேகமாக எல்லோரும் தெரிய வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். மூச்சுத் திணறும் ஒருவரை வலிக்கு மருந்துகூட இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறோம். அது ஒன்றுதான் வழி என்று இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மீளவே முடியாத நிலையில் உயிரை நீட்டிக்கும் கருவிச் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். ஆஸ்பத்திரியிலேயே முதலில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழு, பிறகு இன்னொரு மூவர் குழு, கூடுமானவரை ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள், குடும்பத்தின் சம்மதத்தோடு. அதற்குப் பிறகும் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து தொடரும், வீட்டு ஆள்கள் கட்டிலருகே இருக்கலாம்.

மூளைச்சாவு வேறு விஷயம். அதற்கு டாக்டர் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துத்தான் உறுதி செய்யும். உங்கள் அண்ணனுக்கு அந்தப் பேச்சே எழவில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் உடனே திருத்துங்கள்.

க்ராய்டன் | வியாழன், மாலை 6:20

லண்டனில் இருக்கிறேன். இங்கே என் அப்பா ஐந்து வாரம் ஐசியூவில் இருந்தபோது நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு, நீங்களும் எழுதலாம் என்றார். ஐசியூ டைரி என்பார்கள், ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய வழக்கம். நர்ஸ் ஆங்கிலத்தில் "இன்று ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம்" என்று எழுதுவார். அம்மா கீழே தமிழில், "இன்னிக்கு மழை. உங்க முருங்கைத் தொட்டியை உள்ளே எடுத்து வச்சுட்டேன்" என்று எழுதுவார்.

பிழைத்து வந்த பிறகு அப்பாவுக்கு அந்த வாரங்கள் முழுக்கக் கெட்ட கனவாகத்தான் நினைவிருந்தன. யாரோ தன்னைக் கப்பலில் கட்டிப்போட்டார்கள் என்றே நம்பினார். டைரியைப் படித்துப் படித்துத்தான் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துக்கொண்டார். ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், டைரி கிடைத்த நோயாளிகளில் 5 சதவீதம் பேருக்கும் கிடைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும், அந்த அதிர்ச்சி மனதை விட்டுப் போகாத நோய் புதிதாக வந்தது. எங்கள் அம்மாவுக்கோ அது அந்த ஐந்து வாரமும் அப்பாவோடு பேச ஒரு வழியாக இருந்தது. நாற்பது ரூபாய் நோட்டு போதும் சகோதரா.

லிஃப்ட்சத்தம் | வெள்ளி, அதிகாலை 2:10

இந்த இழையை ராத்திரியில் படித்துக்கொண்டிருக்கிறேன். என் அம்மா ஐசியூவிலிருந்து பிழைத்து வந்து நான்கு மாதமாகிறது. இப்போது நடக்கிறார், சமைக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டின் மணி, அங்கே மைக்கில் கூப்பிடும் முன் வரும் சத்தம் போலவே இருக்கிறது. கேட்டவுடன் எழுந்து நின்றுவிடுகிறேன். அம்மாதான் பிழைத்துவிட்டாரே, உனக்கென்ன என்கிறார்கள்.

நைட்ட்யூட்டி | வெள்ளி, அதிகாலை 4:30

தம்பி, இதற்குப் பெயரே இருக்கிறது. ஐசியூவில் இருந்தவரின் குடும்பத்தினருக்குப் பின்னால் வரும் பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு இதையெல்லாம் சேர்த்து பிக்ஸ்-எஃப் என்று 2012 முதல் மருத்துவ இதழ்களில் எழுதுகிறார்கள். நோயாளி பிழைத்த வீட்டிலும் வரும். நான்கு மாதம் தூக்கமில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்போதே யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். எனக்குத் தனிச்செய்தியும் அனுப்புங்கள், ட்யூட்டி முடிந்ததும் பதில் போடுகிறேன்.

தெற்குவாசல் | அடுத்த செவ்வாய், இரவு 11:15

பன்னிரண்டாம் நாள். எழுத நேரமே கிடைக்கவில்லை.

சனிக்கிழமை டாக்டர் ஒரு சின்ன அறையில் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மதினி, பெரியப்பா, நான். மதினி கேட்ட முதல் கேள்வி, "அவருக்கு வலிக்குதா?" இரண்டாவது, "நான் பேசுறது கேட்குமா?" கை கால் விஷயத்தைச் சொன்னபோது அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "வரட்டும், நான் பார்த்துக்கிறேன்" என்றார். பெரியப்பாதான் குலுங்கிக் குலுங்கி அழுதார். மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வயர்க்கூடை அக்கா, அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி நாற்காலியில் நானும் மாமாவும் முறை வைத்து உட்காருகிறோம். மதினி பக்கத்து லாட்ஜில் நான்கு மணி நேரமாவது தூங்குகிறார். நோட்டு வாங்கினேன். ஐசியூவுக்குள் வைக்க முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு ஒரு சிஸ்டர் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டிலருகே மாட்டிவிட்டார். நேற்று மதினி எழுதியிருந்தது: "கடையை இன்னிக்கு உங்க தம்பி திறந்தார். கல்லாச் சாவி எங்கேன்னு தெரியலை. எழுந்து வந்து சொல்லுங்க."

நேற்று கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி குழாய் போட்டிருக்கிறார்கள். வாய்க் குழாயை எடுத்ததும் அண்ணனின் முகம் கொஞ்சம் அண்ணன் முகமாகத் தெரிகிறது. இன்று காலை மதினி பேசும்போது கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. டாக்டரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ட்ரக்கியாஸ்டமி குழாயோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இங்கே யாருக்காவது இருக்கிறதா? சளி உறிஞ்சும் மெஷின் வாடகைக்குக் கிடைக்குமா, இரவில் யார் விழித்திருந்தீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மதினி கேட்கச் சொன்னார்.